வானைக் காக்கும் கட்டளை யாருடையது?

2025 மே 8ஆம் தேதி இரவு லே முதல் சர் கிரீக் வரை 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்கள் இந்திய எல்லைக்குள் நுழைய முயன்றதாக மறுநாள் அரசு அறிவித்தது. அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சிகளில் ஏவுகணைகளின் பெயர்கள்தான் ஒலித்தன. எஸ்-400 எவ்வளவு தூரம் பாயும், ஆகாஷ் எவ்வளவு உயரம் போகும் என்று தேநீர்க் கடைகளில்கூடப் பேசிக்கொண்டார்கள்.

ஆனால், ஒரே இரவில் நானூறு ட்ரோன்கள் வரும்போது எந்த ஏவுகணை என்பது கடைசிக் கேள்வி. திரையில் தெரியும் புள்ளிகளில் எது ட்ரோன், எது பறவைக் கூட்டம், எது பயணிகள் விமானம், எது நம்முடைய ஹெலிகாப்டர் என்று யாராவது முதலில் பிரித்துச் சொல்ல வேண்டும். எதைப் பழைய விமான எதிர்ப்புத் துப்பாக்கி பார்த்துக்கொள்ளும், எதற்கு விலை உயர்ந்த ஏவுகணையைச் செலவிடலாம், எதைச் சுடாமல் விட்டுவிடலாம் என்று நொடிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். அன்றிரவு இந்த வேலையைச் செய்தவை விமானப்படையின் ஒருங்கிணைந்த வான் கட்டளை-கட்டுப்பாட்டு அமைப்பும், தரைப்படையின் ஆகாஷ்தீரும். இரண்டையும் உருவாக்கித் தந்தது பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ். ஆகாஷ்தீருக்காக 2023 மார்ச்சில் போடப்பட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 1,982 கோடி ரூபாய்.

வான் பாதுகாப்புக்காக நாடுகள் கைகோக்கும்போது எத்தனை ஏவுகணை, எத்தனை கோடி என்பதையே நாம் எண்ணுகிறோம். எண்ண வேண்டியது வேறு. ரேடாரின் கண்ணில் பட்டது யார் திரைக்குப் போகிறது? சுடு, சுடாதே என்று சொல்லும் கட்டளை அமைப்பின் சாவி யார் கையில் இருக்கிறது? ஒரு கூட்டு நல்லதா, கெட்டதா என்பதை இவைதான் முடிவு செய்யும். வாங்கும்போது இதைக் கேட்கத் தவறினால் நம் பாதுகாப்பை அடகு வைக்கிறோம். கொடுக்கும்போது கேட்கத் தவறினால், நாம் தேர்ந்தெடுக்காத ஒரு போரில் பங்காளியாகிறோம்.

ரேடார் மட்டும் போதாது

ரேடார் என்ற கருவி மட்டும் ஒரு நாட்டைக் காப்பாற்றியதில்லை. 1940இல் பிரிட்டன் தன் கடற்கரையில் நிறுத்தியிருந்த 'செயின் ஹோம்' ரேடார்கள் நுட்பத்தில் உயர்ந்தவை அல்ல. ஜெர்மனியின் 'ஃப்ரேயா' பல விதங்களில் அதைவிட நேர்த்தியானது. இருந்தும் அந்த ஆண்டு வான்போரில் பிரிட்டன் தாக்குப்பிடித்ததற்கு ஒரு முக்கியக் காரணம் ஹியூ டௌடிங் கட்டியெழுப்பிய ஏற்பாடு. ரேடார் நிலையங்கள் கண்டதையெல்லாம் பென்ட்லி பிரையரி மாளிகையில் ஓர் அறைக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். ஒரே விமானத்தை இரண்டு நிலையங்கள் இரண்டாகச் சொன்னால் அங்கே ஒன்றாக்கினார்கள், தவறானதைக் களைந்தார்கள். கரையைத் தாண்டி உள்ளே வந்த விமானங்களைத் தரையிலிருந்து கண்ணால் பார்த்துச் சொல்லத் தன்னார்வலர்கள் இருந்தார்கள். எல்லாம் மேசைமேல் விரித்த வரைபடத்தில் நகரும் வில்லைகளாக மாறின. அதைப் பார்த்துத்தான் எந்தத் தளத்திலிருந்து எந்தப் படைப்பிரிவு கிளம்ப வேண்டும் என்று சொன்னார்கள்.

மேசை போய்த் திரை வந்துவிட்டது. தொலைபேசிக்குப் பதில் தரவு இணைப்பு வந்துவிட்டது. வேலை மாறவில்லை. பல கண்கள் கண்டதை ஒரே படமாக்குவது, அந்தப் படத்தை நம்பி முடிவெடுப்பது, முடிவைச் சரியான கைக்கு உடனே சேர்ப்பது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் என்ன ஆகும் என்பதை நாம் நம் மண்ணிலேயே பார்த்திருக்கிறோம்.

பட்காமில் நடந்தது

2019 பிப்ரவரி 27, காலை பத்து மணியைத் தாண்டிய நேரம். பாலாகோட் தாக்குதலுக்கு மறுநாள். பாகிஸ்தான் போர் விமானங்கள் எல்லையை நெருங்கிவிட்டன. ஸ்ரீநகர் விமானதளம் உச்சகட்ட விழிப்பில் இருக்கிறது. அப்போது தளத்துக்கு அருகே தாழ்வாக, மெதுவாக ஒன்று பறப்பது தெரிகிறது. தரையிலிருந்து ஏவுகணை பாய்கிறது; குறி தப்பவில்லை. பட்காம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தின் அருகே எரிந்து விழுந்தது நம் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர். சற்று முன்பு அதே ஸ்ரீநகரிலிருந்து கிளம்பியது அது. விமானப்படையினர் ஆறு பேரும், கீழே இருந்த உள்ளூர்வாசி ஒருவரும் இறந்துபோனார்கள்.

நம் ஏவுகணைதான் நம் ஹெலிகாப்டரை வீழ்த்தியது, அது நம் தவறு என்று அந்த ஆண்டு அக்டோபரில் விமானப்படைத் தலைவர் ராகேஷ் குமார் சிங் பதௌரியா வெளிப்படையாகச் சொன்னார். சுட்டது இஸ்ரேலிடம் வாங்கிய ஸ்பைடர் என்பது பரவலாக வெளிவந்தது. ஹெலிகாப்டர் தன்னை நம்முடையது என்று தெரிவிக்கும் அடையாளக் கருவி அணைந்திருந்தது பற்றியும், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியவர்களுக்கும் ஏவுகணைப் பிரிவுக்கும் இடையே தகவல் சரியாகப் போகாதது பற்றியும் விரிவாகப் பேசப்பட்டது.

அன்று காலை ரேடார் பழுதாகவில்லை. ஏவுகணையும் பழுதாகவில்லை. விலை கொடுத்து வாங்கிய பொருள் ஒவ்வொன்றும் விற்றவர் சொன்னபடியே வேலை செய்தது. பொருள்களை இணைக்கும் இடத்தில்தான் ஏழு உயிர்கள் போயின.

அடுத்த ஆண்டே உலகம் இதைவிடக் கொடிய ஒன்றைப் பார்த்தது. 2020 ஜனவரி 8 அதிகாலை தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தை ஈரானின் வான்காப்புப் படையே சுட்டு வீழ்த்தியது. விமானத்தில் இருந்த 176 பேரும் இறந்தார்கள். ரஷ்யத் தயாரிப்பான ஏவுகணை வண்டியை இடம் மாற்றி நிறுத்தியபோது திசையைத் திருத்திப் பொருத்தவில்லை. நகரத்திலிருந்து வெளியே போன விமானம் திரையில் நகரத்தை நோக்கி வருவதாகத் தெரிந்தது. வண்டியில் இருந்தவர் கட்டளை மையத்தைத் தொடர்புகொள்ள முயன்றார், தொடர்பு கிடைக்கவில்லை, ஆனாலும் சுட்டார். ஈரானின் சொந்த விசாரணை அறிக்கை சொன்னவை இவை. 2025 மே மாதத்திலும் ட்ரோன்கள் பறந்த இரவில் பாகிஸ்தான் தன் வான்வெளியைப் பயணிகள் விமானங்களுக்கு மூடாமல் வைத்திருந்ததாக இந்திய அதிகாரிகள் குற்றம்சாட்டினார்கள். அந்த இரவில் சுடாமல் விடுவதற்கான அறிவு, சுடும் ஆற்றலைவிடப் பெரிய பாதுகாப்பாக இருந்தது.

கூட்டு என்றால் எப்படி இருக்க வேண்டும்?

வான் பாதுகாப்பை வெளியிலிருந்து வாங்குவதே தவறு என்று நான் வாதிடவில்லை. எந்த நாடும் எல்லாவற்றையும் தானே செய்துவிட முடியாது. எதை வாங்கலாம், எதை விடக் கூடாது என்பதில்தான் தெளிவு வேண்டும்.

நார்வேயைப் பாருங்கள். மக்கள்தொகை அரைக் கோடியைச் சற்றே தாண்டும் நாடு. 1990களில் அந்நாட்டின் காங்ஸ்பெர்க் நிறுவனம் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து 'நாசாம்ஸ்' என்ற வான்காப்பு அமைப்பை உருவாக்கியது. ஏவுகணை அமெரிக்காவினுடையது, போர் விமானங்கள் சுமக்கும் அதே ஆம்ராம். ரேடாரும் அமெரிக்காவின் சென்டினல். ஆனால், இவற்றையெல்லாம் இணைத்துச் சுட வேண்டியதைப் பங்கிட்டுத் தரும் கட்டளை மையத்தை நார்வே தன் கையில் வைத்துக்கொண்டது. இன்று வாஷிங்டன் நகரின் வானைக் காப்பதிலும் நாசாம்ஸுக்குப் பங்கு இருக்கிறது. ஏவுகணையைக் கொடுத்த வல்லரசே தன் தலைநகரைக் காக்க அந்தச் சிறிய நாட்டின் கட்டளை மையத்தை நம்புகிறது.

ஆஸ்திரேலியா அதே அமைப்பை வாங்கியபோது ஒரு படி மேலே போனது. ஏவுகணை, கட்டளை மையம் ஆகியவற்றை வாங்கி, ரேடாருக்குத் தன் கான்பெராவில் இயங்கும் சியா நிறுவனத்தின் தயாரிப்பைப் பொருத்தச் சொன்னது. அமைப்பு திறந்த முறையில் கட்டப்பட்டிருந்ததால் அது நடந்தது. நல்ல கூட்டின் அடையாளம் இதுதான்: வாங்குபவர் தன் கண்ணைத் தானே பொருத்திக்கொள்ள விற்பவர் வழிவிடுகிறார்.

இதற்கு நேர்மாறான பாடம் துருக்கியினுடையது. நேட்டோ உறுப்பினரான துருக்கி ரஷ்யாவிடம் எஸ்-400 வாங்கியது. 2019 ஜூலையில் முதல் பாகங்கள் அங்காரா அருகே இறங்கின. அதே மாதம் அமெரிக்கா, எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து துருக்கியை வெளியேற்றியது. அந்த விமானத்தின் பாகங்களையே செய்துவந்த நாடு துருக்கி. ரஷ்ய ரேடார் நேட்டோவின் விமானத்தைப் படித்துவிடும் என்ற அச்சம் அமெரிக்காவுக்கு. நேட்டோவின் வலையமைப்பில் எஸ்-400ஐச் சேர்க்கவே முடியாது. உலகின் பெயர் பெற்ற ஏவுகணைகளில் ஒன்றை வாங்கிய நாடு, அதைத் தன் மற்ற கருவிகளோடு பேச வைக்க வழியில்லாமல் நின்றது.

உக்ரைன் கதை இன்னும் சிக்கலானது. 2022 பிப்ரவரியில் அதன் கையில் இருந்தவை சோவியத் காலத்து எஸ்-300, புக். பிறகு ஜெர்மனியிலிருந்து ஐரிஸ்-டி, அமெரிக்காவும் நார்வேயும் உருவாக்கிய நாசாம்ஸ், பேட்ரியாட், பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து செய்த சாம்ப்-டி, ஸ்பெயினின் பழைய ஹாக் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி ரேடார், தனித் திரை, தனிப் பயிற்சி, தனி உதிரி பாகம். வந்தவை உயிர்களைக் காத்தன. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால், அவற்றை ஒரே வான்படமாக்கும் சுமை உக்ரைன் பொறியாளர்கள் தலையில் விழுந்தது. பழைய புக் வண்டியில் அமெரிக்க ஏவுகணையைப் பொருத்தினார்கள். தாழப் பறக்கும் ட்ரோன்களைப் பிடிக்க, விலை குறைந்த ஒலிவாங்கிகளை ஆயிரக்கணக்கில் கம்பங்களில் கட்டி, எஞ்சின் சத்தத்தை வைத்துத் தடம் பிடித்தார்கள். கருவிகள் பல நாட்டினுடையவை. இணைத்த அறிவு அவர்களுடையது. அந்த அறிவு இல்லாத நாட்டுக்கு இதே கருவிகள் வந்து சேர்ந்திருந்தால் பட்காம்கள்தான் பெருகியிருக்கும்.

காத்திருப்போர் வரிசை

நாம் எங்கே இருக்கிறோம்? 2018 அக்டோபரில் 543 கோடி டாலருக்கு ஐந்து எஸ்-400 படைப்பிரிவுகளுக்கு ஒப்பந்தம் போட்டோம். 2021 டிசம்பரில் முதல் தொகுதி வந்தது. மூன்று வந்து சேர்ந்தன. ரஷ்யா உக்ரைன் போரில் இறங்கியபின், மிச்சம் இரண்டும் சொன்ன காலத்தைத் தாண்டித் தள்ளிப்போயின. விற்பவருக்குப் போர் வந்துவிட்டால் வாங்குபவர் வரிசையில் பின்னால் போகிறார். இது ரஷ்யாவோடு நின்றுவிடும் பழக்கமும் அல்ல. ஐந்து பேட்ரியாட் தொகுதிகளுக்குக் கையெழுத்திட்ட சுவிட்சர்லாந்திடம், உக்ரைனுக்கு முன்னுரிமை தருவதால் உங்களுக்குத் தாமதமாகும் என்று 2025 ஜூலையில் அமெரிக்கா சொன்னது. பணக்கார நாடு, பகையில்லாத நாடு, ஒப்பந்தம் கையில் இருக்கும் நாடு. அதற்கே இந்த நிலை.

ஏவுகணை தாமதமானால் வேறு ஏவுகணையைக் கொண்டு சமாளிக்கலாம். கட்டளை அமைப்பு பிறர் கையில் இருந்தால் சமாளிக்க எதுவும் மிஞ்சாது. தலைநகர் டெல்லியைக் காக்க அமெரிக்காவிடம் ஒரு முழுத் தொகுப்பை வாங்கும் யோசனை இருந்தது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க அரசு சுமார் 187 கோடி டாலருக்கு அதை விற்க ஒப்புதலும் அளித்தது. நாம் அந்த வழியில் போகவில்லை. 2025 ஆகஸ்ட் 23ஆம் தேதி ஒடிசா கடற்கரையில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் தன் சொந்த ஒருங்கிணைந்த வான்காப்பு அமைப்பைச் சோதித்துப் பார்த்தது. அதற்கு எட்டு நாள் முன்பு செங்கோட்டையில் 'சுதர்சன சக்கரம்' திட்டத்தைப் பிரதமர் அறிவித்தார். 2035க்குள் நாடு முழுவதற்குமான பாதுகாப்புக் கவசம் என்பது இலக்கு. திசை சரியானது. இஸ்ரேலோடு சேர்ந்து உருவாக்கிய நடுத்தரத் தூர ஏவுகணையும் 2021இல் விமானப்படைக்கு வந்தது. வாங்குபவராக மட்டும் இல்லாமல் சேர்ந்து செய்பவராக நாம் வளர்ந்ததற்கு அது சான்று.

நாம் கொடுக்கும்போது

வாங்கும்போது நமக்கு உள்ள கவலை, கொடுக்கும்போதும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு இது நினைவில் இருக்க வேண்டிய பாடம்.

இலங்கைப் போரின் கடைசி ஆண்டுகளில் இந்தியா அந்நாட்டு விமானப்படைக்கு 'இந்திரா' ரேடார்களைக் கொடுத்தது. 2007 மார்ச்சில் விடுதலைப் புலிகளின் சிறிய விமானங்கள் கட்டுநாயக்க விமானதளத்தைத் தாக்கியபின், இந்திரா உயரத்தைக் காட்டாது, எங்களுக்கு முப்பரிமாண ரேடார் வேண்டும் என்று கொழும்பு சீனாவின் பக்கம் திரும்பியது. சீன ரேடார் இலங்கையில் நின்றால் தென்னிந்திய வானும் அதன் கண்ணுக்குள் வரும் என்ற கவலை டெல்லிக்கு. அந்த ஆண்டு மே மாத இறுதியில் சென்னையில் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே.நாராயணன், இலங்கை சீனாவையும் பாகிஸ்தானையும் நாடக் கூடாது, வேண்டியதை நம்மிடம் கேட்கட்டும், ஆனால் தாக்கும் ஆயுதம் தர மாட்டோம் என்ற பொருளில் பேசினார். ரேடார் தற்காப்புக் கருவி என்பதே அரசின் நிலைப்பாடு.

2008 செப்டம்பர் 9ஆம் தேதி அதிகாலை வவுனியா படைத்தளத்தைப் புலிகள் வானிலிருந்தும் தரையிலிருந்தும் தாக்கினார்கள். காயமடைந்தவர்களில் இரண்டு பேர் இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள். அங்கிருந்த ரேடாரைப் பராமரித்தவர்கள். இந்தியர்கள் போர்முனையில் ஒரு படைத்தளத்துக்குள் வேலை செய்கிறார்கள் என்பதைப் பெரும்பாலான தமிழ்நாட்டு மக்கள் அன்றுதான் அறிந்தார்கள். வன்னியில் குண்டு போட்டுக்கொண்டிருந்த அதே விமானப்படைக்காகவா என்று இங்கே எழுந்த கோபம் நியாயமானது.

ரேடார் யாரையும் கொல்லாது என்பது உண்மை. கட்டுநாயக்கவுக்கு அருகே பயணிகள் விமானங்கள் இறங்குகின்றன. அவற்றுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதும் உண்மை. ஆனால், ஒரு படையின் தளங்களுக்குக் காவல் கிடைக்கும்போது, அந்தத் தளங்களிலிருந்து கிளம்பும் தாக்குதலும் எளிதாகிறது. ரேடாரைக் கொடுத்தவர் பராமரிக்கவும் ஆள் அனுப்புகிறார். அனுப்பிய ஆள் தாக்குதலில் சிக்குகிறார். அதன்பின் அதைத் தற்காப்புக் கருவி என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக முடியாது. அது அரசியல் முடிவு. அரசியல் முடிவாகவே நாடாளுமன்றத்தில் முன்கூட்டி வைக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இன்று நாம் கொடுக்கும் நாடாக இன்னும் வளர்ந்துவிட்டோம். பீரங்கி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் 'ஸ்வாதி' ரேடாரை ஆர்மீனியா வாங்கியது. 2024இல் ஆகாஷ் ஏவுகணை அமைப்பின் முதல் தொகுதியும் அங்கே போனது. அஸர்பைஜானோடு ஆர்மீனியாவுக்கு உள்ள பகையை உலகம் அறியும். ஏற்றுமதி எண்ணிக்கை கூடுவதைப் பெருமையாகச் சொல்கிறோம். நம் பொறியாளர்கள் அங்கே எந்த எல்லைவரை வேலை செய்வார்கள், மோதல் வெடித்தால் என்ன செய்வார்கள் என்பதையும் நாட்டு மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே, வான்காப்புக் கருவிகள் தொடர்பான எந்தக் கூட்டு ஒப்பந்தத்தின் மீதும் நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழு மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ரேடார் காணும் படம் யாருடைய மென்பொருளில் ஓடுகிறது, அதை நம் கட்டளை அமைப்போடு இணைக்கும் விவரங்கள் முழுமையாக நம் கைக்கு வருகின்றனவா? பழுதானால், விற்ற நாடு உதவ மறுத்தால், அடுத்த நாள் காலை அதை இயக்க நம்மிடம் ஆளும் உதிரி பாகமும் இருக்கிறதா? நாம் கொடுப்பவர் என்றால், எந்த நிலையில் நம் ஆட்களையும் உதவியையும் திரும்பப் பெறுவோம் என்பது எழுத்தில் இருக்கிறதா?

ரகசியம் காக்க வேண்டிய நுட்ப விவரங்களை மூடிய அறையில் கேட்கலாம். நிலைக்குழுவுக்கு அந்த வழக்கம் புதிதல்ல. ஆனால், இந்தக் கேள்விகள் கேட்கப்பட்டனவா, பதில் திருப்தியா என்பதை மட்டுமாவது மக்கள் அறிய வேண்டும். ரேடாரும் ஏவுகணையும் எந்த நாட்டிலிருந்தும் வரட்டும். அவற்றை இணைத்து ஆளும் கட்டளை அமைப்பை எந்த விலைக்கும் வெளியே விடக் கூடாது. சுதர்சன சக்கரத்துக்காக இனி போடப்படும் ஒவ்வொரு வெளிநாட்டு ஒப்பந்தத்திலும் இணைப்பு விவரங்களை ஒப்படைப்பதைக் கட்டாய விதியாக்க வேண்டும். அந்த விதிக்கு ஒப்பாத விற்பனையாளரிடம், அவர் ஏவுகணை எவ்வளவு தூரம் பாய்ந்தாலும், வேண்டாம் என்று சொல்லும் துணிவு அரசுக்கு வேண்டும்.